கூடுதல் பெயர்

சித்ரா என்றால் பெண்ணல்ல, தீவு.
பாலத்துக்கு இந்தப் பக்கம் எண்ணெய் ஆலை,
அந்தப் பக்கம் மனாமாவின் விளக்குகள்.
இதை என் மனைவிக்கு நிரூபிக்க
முதல் வருடம்
வரைபடமே அனுப்ப வேண்டியிருந்தது.

ஆகஸ்ட். வியாழன், இரவு பத்து.
கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வியர்க்கிறது.
உள்ளே பதினெட்டு டிகிரியில்
சர்வரும் நானும்
சுகதன் சாரிடம் இரவல் வாங்கிய ஸ்வெட்டரும்.

பத்ரான் கம்பெனியை நாங்கள் வாங்கிவிட்டோம்:
இரண்டு இழுவைப்படகு, ஒரு பட்டறை,
சுவரில் தொங்கிய ஏசி வரைக்கும்.
பெயரையும் சேர்த்துத்தான் வாங்கினோம் என்பது
யாருக்கும் உறைக்கவில்லை.
திங்களன்று அவர்களுடைய மெயில் சர்வரின் பிளக்கைப் பிடுங்கி
யாரோ கெட்டிலைச் சொருகிவிட்டார்கள்.

தொலைந்துபோகாது மடல்.
அனுப்பியவன் பக்கத்திலேயே வரிசையில் நிற்கும்.
வந்து தட்டும், போகும்,
அரைமணியில், பிறகு ஒரு மணியில், பிறகு நான்கில்.
ஐந்தாம் நாள்
எழுதியவனிடமே போய்ச் சொல்லிவிடும்,
வீடு பூட்டியிருக்கிறதென்று.
இன்று நான்காம் நாள்.

என் சர்வருக்குத் தன் பெயர் ஒன்றுதான் தெரியும்.
பத்ரானுக்கு என்று போட்ட சோதனை மடலிடம்
ஐந்நூற்று ஐம்பத்து நாலு என்றது.
அது எண்ணில்தான் பேசும்;
தமிழில், உனக்கும் எனக்கும்
ஒட்டுமில்லை உறவுமில்லை.
அப்படி இல்லை, இந்தப் பெயரில் கூப்பிட்டாலும்
நீதான் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று
ஒரே ஒரு வரி எழுதினேன்.
எழுதியதை மறுபடி வாசிக்கச் சொன்னேன்.

பிறகு டிஎன்எஸ், எம்எக்ஸ்.
இருபது நிமிடம் ஈயாடவில்லை.
பார்த்தால்
எங்கள் பெயரின் வாலில் பத்ரானும் ஒட்டிக்கொண்டு
உலகத்தில் இல்லாத ஒரு முகவரி.
கடைசியில் புள்ளி வைக்க மறந்திருக்கிறேன்.
புள்ளி இல்லாமல் மெய் நிற்காது.
இரண்டாம் வகுப்பில் வாங்கிய குட்டு,
சித்ராவில் மறுபடி.

சுகதன் சார் தந்த பட்டியலில் முகவரி இரண்டு.
விற்பனை. கணக்கு.
"காசு வர்ற வாசல் ரெண்டும் திறந்தா மதி.
பாக்கியெல்லாம் திருப்பி அனுப்பு."

பதினொன்று நாற்பதுக்கு வரத் தொடங்கின.
ஹாம்பர்க்கிலிருந்து பம்ப்புக்கு விலைப்புள்ளி,
ஒரு காப்பீடு, இரண்டு லாட்டரிப் பரிசு,
பிறகு
சம்பளம் என்ற முகவரிக்கு ஒன்று.
அப்படி யாரும் இங்கில்லை, ஐந்நூற்று ஐம்பது.
இன்னொன்று. அதற்கும் அதே பதில்.
மூன்றாவது.

உள்ளே என்ன எழுதியிருந்ததோ, தெரியாது.
வாசலிலேயே திருப்பினால் உறை பிரியாது.
அனுப்பியவர் பெயர்தான் லாகில் விழும்:
ரூப் பகதூர் 82.
மரியதொம்மை வெல்டர்.
கிரேன் ஜாஹிர்.
மூன்று பேரையும் எனக்குத் தெரியும்.
போன வெள்ளி துப்ளி கேம்ப்பில்
எங்களை வாலிபாலில் தோற்கடித்தவர்கள்.

ஐந்நூறை நானூறாக்கினேன்.
அதற்கு ஒரு வார்த்தைதான் மாற்ற வேண்டும்.
இல்லை என்றிருந்த சர்வர்
இப்போது இல்லை, பிறகு வா என்றது.
எண்ணிக்கொண்டே இருந்தேன்.
போன மூன்று போக, அறுபது.
எல்லாம் அதே முகவரிக்கு.

கெட்டிலில் தேநீர் போட்டுக் குடித்தேன்.
அந்த பிளக்கில்தான்.
பனிரெண்டே காலுக்கு
மாற்றுப்பெயர்க் கோப்பைத் திறந்து எழுதினேன்.
இடப்பக்கம் சம்பளம்.
வலப்பக்கம் கணக்கு.
கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்:
சார், சம்பளமும் கணக்குதானே.

வெள்ளிக்கிழமை மறுபடி தோற்றோம்.
ஆட்டம் முடிந்து அந்த மூவரிடமும் சொன்னேன்,
இன்னொரு தடவை அனுப்புங்கள், இந்த முறை போகும்.
எங்கே போகும் என்று ஜாஹிர் கேட்டான்.
படிக்கிற இடத்துக்கு என்றேன்.
கொடுக்கிற இடத்துக்கா என்று கேட்டிருந்தால்
என்னிடம் பதில் இல்லை.

ஞாயிறு காலை சுகதன் சார்
கணக்குப் பெட்டியைத் திறந்து
கீழே போனார், போய்க்கொண்டே இருந்தார்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
மதியம் வந்து
ஸ்வெட்டரைத் திருப்பிக் கேட்டார்.